தோட்டத்துத் தளத்துக்கு மணற்கல்: மணல் படுக்கையா, சிமெண்ட் கலவையா?

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடித்தளம் ஒன்றுதான். டெல்டாவின் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனால் மேல்மண்ணை வெட்டியெடுத்து 6 இன்ச் கிராவலோ சல்லியோ கொட்டி, இரண்டு அடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மழைநீர் வடிய 10 அடிக்கு ஒன்றரை இன்ச் வாட்டம் (சரிவு), வீட்டிலிருந்து வெளிப்புறமாக.

செலவு: மணலில் கூலி குறைவு, ஆனால் ஒன்றரை இன்ச் தடிமன் கல் வேண்டும். கலவையில் ஒரு இன்ச் கல் போதும்.

உழைப்பு: மணல் படுக்கை 2 இன்ச், ஓரத்தில் தடுப்புக் கல் இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மணல் அரித்துக் கல் ஆடும். கலவை 1:5 (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்), ஒன்றரை இன்ச் கனம், கல்லின் அடி முழுக்கப் படியவேண்டும். நாலு மூலையில் மட்டும் கலவை உருண்டை வைத்து ஒட்டுவது சோம்பேறி வேலை: வெற்றிடத்தில் நீர் தேங்கும், கல் விரிசல் விடும், மேலே ஈரத்திட்டு தெரியும். கல்லின் அடியில் சிமெண்ட் பால் (நீரில் கரைத்த சிமெண்ட்) பூசி உடனே பதித்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

பழுது: மணலில் கல்லை நெம்பி எடுத்து மட்டம் பார்க்கலாம். கலவையில் உடைக்கத்தான் வேண்டும்.

செடிகளுக்கு நடுவே நடைபாதைக்கு மணல். நாற்காலி போட்டு உட்காரும் இடம், பைக் ஏறும் இடம் என்றால் கலவை.