ஏஸ் அட்டர்னி சீரிஸ்: கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச பிறகும் எது இழுக்குது?

ஏஸ் அட்டர்னிங்கிற கோட்ஸ் வீடியோ கேம் சீரிஸ்ல எது பெஸ்ட்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு வரிசை சொல்லுவாங்க, அதுல முக்கால்வாசி மொத தடவ விளையாடுனப்ப கெடச்ச அதிர்ச்சிய வச்சு போட்டது. என் வரிசை அப்பிடி இல்ல. மெயின் கேம் ஆறு, எதிர் தரப்பு லோயர் எட்ஜ்வொர்த்த ஹீரோவா வச்ச கேம் ரெண்டு, பழைய காலத்து லண்டன் கேம் ரெண்டு, எல்லாத்தயும் முடிச்சிட்டு வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப விளையாடிக்கிட்டு இருக்கேன், அதனால நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிக்கிட்டே விளையாடுனாலும் அந்த கேஸ் நம்மள பிடிச்சு உக்கார வைக்குதா இல்லயா.

இது நானா உண்டாக்குன கணக்கும் இல்ல, சீரிஸே அப்பிடித்தான் தொடங்குது. 2001ல ஜப்பான்ல கேம்போய் அட்வான்ஸ்ல கெப்கொம் விட்ட மொத கேம், அதோட மொத கேஸ், தொடக்கத்துலயே கொலைகாரன் மூஞ்சிய காட்டிருவாங்க. அப்புறம் யாருன்னு தேட என்ன இருக்கு? அவன் சாட்சிக் கூண்டுல ஏறி நின்னு பொய் சொல்லுவான், நாம லோயர் பீனிக்ஸ் ரைட்டா இருந்து ஒவ்வொரு வரியா நோண்டி, கையில இருக்கிற சாட்சிப்பொருள எடுத்து நீட்டி "ஒப்ஜெக்ஷன்"னு கத்தணும், அவ்வளவுதான் கேம். ஒரு மணிக்கு பொணத்த பாத்தேன்னு சொல்லுவான், பிரேதப் பரிசோதனை அறிக்கையில சாவு நாலு மணிக்குப் பிறகு. ஒரு மணின்னு எப்பிடித் தெரியும்னு கேட்டா டீவி சத்தத்துல நேரம் கேட்டுச்சுன்னு சொல்லுவான். அந்த நேரத்துல அந்த கட்டடத்துலயே கரண்ட் இல்ல! 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் பாத்த ஆளுங்க நாம, இதெல்லாம் நம்மகிட்ட செல்லுமா. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்த தங்கச்சி நான் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே "கரண்ட் இல்லாம எப்பிடிண்ணே டீவி ஓடும், இவன் பொய் சொல்றான்"னு கத்திட்டா, அண்ணைக்கு இருந்து எந்த கேஸ் விளையாடுனாலும் அவளும் ஒரு ஜூனியர் லோயர்.

இந்தக் கணக்குல எனக்கு மொத இடம் மூணாவது கேம், ட்ரையல்ஸ் அண்ட் ட்ரிபியுலேஷன்ஸ், ஜப்பான்ல 2004ல வந்தது. இதுல கோடோட்னு ஒரு அரச தரப்பு சட்டத்தரணி, மூஞ்சில இரும்பு முகமூடி மாதிரி ஒண்ணு, கையில எப்பவும் கோப்பி, ஒரு வழக்குக்கு 17 கப்புக்கு மேல குடிக்க மாட்டேன்னு கொள்கை வேற வச்சிருக்கான். தேயில மலையில இருந்துகிட்டு ஒரு கோப்பிக்காரன ரசிக்கிறோமேன்னு தோணும், ஆனா நம்ம மலையிலயும் 1869ல இலை நோய் வந்து அழிக்கத் தொடங்குற வரைக்கும் கோப்பிதானே ராஜா, அதனால மன்னிச்சிரலாம். விஷயம் என்னன்னா மொத தடவ விளையாடுறப்ப இவன் ஏன் பீனிக்ஸ் மேல இவ்வளவு எரிச்சல்ல இருக்கான்னு புரியாது, சும்மா திமிர் புடிச்சவன்னு நெனப்போம். முடிவு தெரிஞ்ச பிறகு திரும்ப விளையாடுங்க, அவன் பேசுற ஒவ்வொரு வரியும் வேற ஆள்கிட்ட பேசுற மாதிரி கேக்கும். அதே மாதிரி இதோட மொத கேஸ்ல நாம பீனிக்ஸ் இல்ல, அவனோட குரு மியா ஃபே, பீனிக்ஸ் வெறும் கெம்பஸ் பையன், தடிமன் புடிச்சு மூக்க உறிஞ்சிக்கிட்டு, ரோஸ் கலர் ஸ்வெட்டரோட குற்றவாளிக் கூண்டுல நிப்பான். சாட்சிப்பொருள முழுங்கிட்டு வேற வந்து நிப்பான் கிறுக்கன். சிரிச்சிட்டு போயிருவோம், கடைசி கேஸ் முடிச்சிட்டு திரும்பி வந்து பாத்தா அந்த மொத கேஸ்லயே முக்கால்வாசி கதைக்கு வித போட்டு வச்சிருக்காங்க. கடைசி கேஸ் ஒரு பனி மலைக் கோயில், பள்ளத்தாக்குக்கு மேல ஒரு பாலம், இடி விழுந்து எரிஞ்சு போயிரும், அந்தப் பக்கம் ஆள் மாட்டிக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் லயமும் இந்தப் பக்கம் ஸ்கூலும் இருக்கிற தோட்டத்துல வளந்தவனுக்கு பாலம் போனா என்ன ஆகும்னு யாரும் சொல்லித் தர வேணாம். இதுல கொஞ்ச நேரம் எட்ஜ்வொர்த் எதிர் தரப்ப விட்டுட்டு நம்ம தரப்பு லோயரா வந்து நிப்பான் பாருங்க, அந்த ஒரு கட்டத்துக்காகவே வாங்கலாம்.

ரெண்டாவது இடம் த கிரேட் ஏஸ் அட்டர்னி க்ரோனிகள்ஸ். ஜப்பான்ல 2015லயும் 2017லயும் ரெண்டு கேமா வந்தது, வெளிநாட்டுக்கு 2021லதான் ஒண்ணா சேத்து விட்டாங்க, மொத்தம் பத்து கேஸ். பீனிக்ஸோட மூதாதையர் ஒருத்தன் ஜப்பான்ல இருந்து கப்பல் ஏறி விக்டோரியா காலத்து லண்டனுக்குப் போய் வழக்கு பேசுறான். எதிர் தரப்புல நிக்கிற வான் ஸீக்ஸ் ஜப்பான்காரன்னாலே மட்டமா பேசுவான், கோட்ஸ்ல இருக்கிற மத்தவங்களும் இவன ஒரு மாதிரித்தான் பாப்பாங்க. நமக்குப் பழக்கமில்லாத பாஷையில வழக்கு ஓட ஓரமா நின்னு முழிச்ச அனுபவம் வீட்டுல யாருக்காவது இருந்தா இந்த கேம் கொஞ்சம் கூடுதலாவே சுடும். விளையாட்டா பாத்தா இதுல இருக்கிற ஜூரிதான் மாஸ். ஆறு பேர், ஒவ்வொருத்தரா குற்றவாளின்னு முடிவு பண்ணி தராசுல நெருப்ப தூக்கிப் போடுவாங்க, நாம ஒரு ஜூரர் சொன்னத எடுத்து இன்னொரு ஜூரர் சொன்னதோட மோத விட்டு அவங்க மனச மாத்தணும். நம்ம நாட்டுலயும் மேல் நீதிமன்றத்துல ஜூரி முறை சட்டப் புத்தகத்துல இன்னும் இருக்கு, ஏழு பேர், ஆனா நடைமுறையில கேள்விப்படுறதே அபூர்வம். அப்புறம் ஹெர்லொக் ஷோம்ஸ்னு ஒரு துப்பறிவாளர், படு வேகமா தப்புத் தப்பா துப்பறிவாரு, அவர் மானம் போகாம நாம சைட்ல நின்னு திருத்தணும். ரெண்டாவது தடவ விளையாடுறப்ப அவர் எங்க நெசமாவே தடுமாறுறாரு எங்க வேணும்னே மழுப்புறாருன்னு பிரிச்சுப் பாக்க வேற சுகம். ஒரே குறை, மொத கேம் ரொம்ப மெதுவு, பாதி முடிச்ச நடுவுல அந்தரத்துல விட்டுரும், ரெண்டாவது கேம்லதான் எல்லா முடிச்சும் அவிழும், அதனால ஒண்ண மட்டும் விளையாடிட்டு திட்டாதீங்க.

மூணாவது, எட்ஜ்வொர்த்தோட ரெண்டாவது கேம். 2011ல ஜப்பான்ல வந்தது, 2024 வரைக்கும் வெளிய விடல, அதுவரைக்கும் ரசிகர்கள் தாங்களே போட்ட மொழிபெயர்ப்புதான் கதி. எட்ஜ்வொர்த்தோட அப்பா பாதியில விட்ட ஒரு பழைய வழக்கு, 18 வருஷத்துக்குப் பிறகு மகன் கையில வந்து விழுது, அந்த ஒரு கேஸ்க்கு மட்டும் தனியா மார்க் குடுக்கலாம். ஆள்கிட்ட பேசியே மடக்குற செஸ் மாதிரி ஒரு முறையும் இருக்கு, நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், எப்ப பேசணும் எப்ப வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு தெரியணும். இதே ஆளோட மொத கேம்தான் என் வரிசையில கடைசி. கடைசி கேஸ்ல வில்லன் யாருன்னு நமக்குத் தெரியும், எட்ஜ்வொர்த்துக்குத் தெரியும், அந்த வில்லனுக்கும் தெரியும், ஆனாலும் விடாம இழுக்கிறான் பாருங்க, எனக்கு நடுவுல தூக்கமே வந்துரும்.

நாலாவதா மொத கேம். பழசுதான், ஆனா நாலாவது கேஸ்ல சாட்சி சொல்ல ஆள் இல்லாம ஒரு கிளிய கொண்டு வந்து குறுக்கு விசாரணை பண்ணுவாங்களே, அத மிஞ்ச இன்னும் ஒண்ணு வரல. 2005ல நிண்டென்டோ டிஎஸ் கன்சோலுக்காக சேத்த அஞ்சாவது கேஸ் நீளம்னு பலர் அலுத்துக்கிறாங்க, எனக்கு அதுல வர பொலிஸ் தலைவன் கேண்ட் போதும், பேச்சு நடுவுல திடீர்னு வாய மூடிட்டு நம்மளயே முறைச்சுப் பாப்பான், கேம் ஹேங் ஆயிருச்சோன்னு நெனைக்கிற அளவுக்கு. இன்னொண்ணு, இந்த உலகத்துல ஒரு வழக்க மூணு நாள்ல முடிச்சாகணும். நம்ம ஊர்ல மூணு நாள்ல அடுத்த தவணைத் திகதிகூட ஒழுங்கா தெரியாது.

ரெண்டாவது கேம் ஜஸ்டிஸ் ஃபோர் ஓல் பத்தி ஒரே வரியில தீர்ப்பு சொல்ல முடியாது. கடைசி கேஸ் மொத்த சீரிஸ்லயே முதல் மூணுக்குள்ள வரும், நம்ம கட்சிக்காரன நம்பலாமா வேணாமான்னு நம்மளயே கூண்டுல ஏத்திரும், இதுக்கு மேல சொன்னா ஸ்பொய்லர். அதுக்கு முன்னாடி வர சர்க்கஸ் கேஸ் இருக்கே, அந்த கோமாளியோட ஜோக்க ரெண்டாவது தடவ கேக்குறதுக்கு பதிலா நான் காலங்காத்தால தோட்டத்து பெரட்டுல, வேலைக்கு பேர் குடுக்கிற வரிசையில போய் நிப்பேன். தப்பா சாட்சிப்பொருள் காட்டுனா குறையிற அந்த உயிர்க் கோடும் எரிச்சல், சில இடத்துல ஒரே தப்புல பாதி போயிரும்.

மிச்சத்துக்கு அவ்வளவு நேரம் இல்ல. அப்பொலோ ஜஸ்டிஸ் (2007) மொத கேஸ் வெறித்தனம், மூணாவது கேஸ்ல ஒரே பாட்டுக் கச்சேரி வீடியோவ திருப்பித் திருப்பிப் போட்டு மண்டைய காய வச்சிருவாங்க, பேர்ல இருக்கிற ஹீரோவ விட பழைய பீனிக்ஸ்தான் கதைய தூக்கிக்கிட்டுப் போறான். ஸ்பிரிட் ஒஃப் ஜஸ்டிஸ் (2016) கதை நடக்குற நாட்டுல கட்சிக்காரன் தோத்தா லோயருக்கும் அதே தண்டன, செத்தவரோட கடைசி நிமிஷத்த பூசாரிப் பொண்ணு தண்ணியில காட்டும், அதுல முரண் தேடணும், இந்த ஐடியா எனக்குப் பிடிச்சிருந்துச்சு. டியுவல் டெஸ்டினீஸ் (2013) பாக்க அழகு, ஆனா கொலை நடந்த இடத்த தவிர வேற எங்கயும் நோண்ட விடாது, அடுத்து என்ன பண்ணணும்னு ஒரு நோட்ல எழுதியும் வச்சிருக்கும், நமக்கு என்ன வேல மிச்சம். மொத நாலு கேம் கதை எழுதுன ஷு தகுமி கடைசியா சொன்ன இந்த 2013, 2016 கேம் ரெண்டுலயும் இல்ல, அவர் அந்தப் பக்கம் லண்டன் கதைக்குப் போயிட்டாரு, ஆடிப் பாத்தா அந்த இடைவெளி தெரியும்.

வாங்குறவங்களுக்கு: மொத மூணும் சேந்த ட்ரைலொஜி 2019ல இருந்து பிசியிலயும் இருக்கு, 14 கேஸ், பழைய லெப்டொப்லயும் ஓடும், ஒருக்கா இறக்கிட்டா நெட் தேவையில்ல. மிஸ்ட் இறங்குனா சிக்னல் போற எங்க பக்கத்துக்கு இது பெரிய விஷயம். ஸ்டீம்ங்கிற ஒன்லைன் கேம் கடையில அடிக்கடி பாதிக்கு மேல விலைய குறைப்பாங்க, டொலர் கணக்க பாத்து பயப்படாம அதுவரைக்கும் பொறுங்க. தமிழ் இல்ல, நமக்கு இங்கிலிஷ்தான், வாசிக்கிறது நெறைய, ஓ/எல் இங்கிலிஷ் இருந்தா சமாளிக்கலாம். மொத கேம்ல தொடங்கி வரிசையா போங்க, நேரா மூணாவதுக்கு தாவுனா கோடோட் வீணாப் போயிருவான், சர்க்கஸ் கேஸ் வந்தா மட்டும் பல்லக் கடிச்சிக்கிட்டு வோக்த்ரூ, அதாவது விடை எல்லாம் போட்டு வச்சிருக்கிற வழிகாட்டி, பாத்தே முடிச்சிருங்க, யாரும் கேக்க மாட்டாங்க.