எந்தப் ப? லில்லிபாண்டில் மௌத் ஆர்கன் டேப் எழுதிய அனுபவம்

பிள்ளைகளுக்கு மௌத் ஆர்கன் சொல்லித்தரும் நண்பர் ஒருவர் சமீபத்தில் கேட்டார்: "நீங்க குடுக்கிற நோட்ஸ்ல சுரத்துக்குக் கீழே துளை எண் தானா வருதே, அது எந்த சாஃப்ட்வேர் சார்? நானும் போட்டுக்கலாமா?" லில்லிபாண்ட் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை 2.22 பதிப்பிலிருந்து 2.24-க்கு மாற்றி, டேப், அதாவது துளை எண் வரிசை, போடும் நிரலை மறுபடி ஓடவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

லில்லிபாண்ட் என்றால் என்ன, எப்படி நிறுவுவது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இலவசம், இசையை எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும், சுட்டியால் சுரத்தை இழுத்து வைக்க முடியாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிரச்சினை முழுவதும் ஒரே ஒரு சுரத்தில் இருக்கிறது. ஒரு கட்டை ஆர்கனை, அதாவது சி டையடோனிக்கைக் கையில் எடுங்கள். ஊதினால் வெறும் எண், இழுத்தால் முன்னால் கழித்தல் குறி, பெண்ட் செய்தால், அதாவது சுருதியை வளைத்து அரைச் சுரம் இறக்கினால், எண்ணுக்குப் பின்னால் மேலே ஒரு சிறு கோடு, முழுச் சுரம் இறக்கினால் இரண்டு கோடு. இந்த முறையில் கீழ் ஸ்தாயி இப்படி வரும்: ச 1, ரி -1, க 2, ம -2'', ப -2 அல்லது 3, த -3'', நி -3, மேல் ச 4. ப மட்டும் இரண்டு இடத்தில் நிற்கிறது பாருங்கள். இரண்டாம் துளையை இழுத்தாலும் மூன்றாம் துளையை ஊதினாலும் ஒரே சுருதி. பத்துத் துளை, இருபது ரீடு, ஆனால் பத்தொன்பது சுரம். ரிக்டர் முறையில் சுருதி சேர்த்த எல்லா ஆர்கனிலும் இதே கதைதான். கீழே நான்கு துளைகளையும் சேர்த்து இழுத்தால் ஜி கார்டு முழுசாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வாசிக்கிறவனுக்கு இது வரம். டேப் எழுதும் நிரலுக்கு இதுதான் தலைவலி.

ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனில் அந்த ப ஒரே புள்ளி. மென்பொருளுக்குத் தெரிவது சுருதி மட்டும்தான். டேப்போ மூச்சைச் சொல்ல வேண்டும். இந்த இடைவெளியை இட்டு நிரப்பத்தான் இத்தனை பாடும்.

முதலில் எல்லோரும் போகும் வழி ஒன்று உண்டு: பாடல் வரி எழுதும் இடத்தில் துளை எண்களைக் கையாலேயே எழுதிவிடுவது. சின்னப் பாட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் லில்லிபாண்ட் அங்கே வெறும் எண்ணைப் பார்த்தால் கால அளவு என்று எடுத்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். அப்புறம் ஸ்லர், சுரங்களை அறாமல் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு. நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரு ஸ்லர் போட்டால், ஒரே அசையை இழுத்துப் பாடுகிறார்கள் என்று நினைத்து முதல் சுரத்துக்கு மட்டும் எண்ணைக் கொடுக்கும். மிச்ச எண்களெல்லாம் தள்ளிப்போய் பாட்டு முடியும்வரை தப்பாகவே நிற்கும். ஸ்லரைப் பொருட்படுத்தாதே, ஒரே சுரத்தை நீட்டும் வளைகோடான டையை மட்டும் கவனி என்று சொல்ல அமைப்பு இருக்கிறது, ஒரே வரிதான். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

தானாக எண் வரவேண்டுமென்றால் சுரப்பெயர் அச்சிடும் வரியைப் பிடிக்க வேண்டும். சுரங்களுக்குக் கீழே அவற்றின் பெயர்களை அச்சிட லில்லிபாண்டில் ஒரு தனி வரி உண்டு. பெயருக்குப் பதில் எதை அச்சிடுவது என்பதை லில்லிபாண்டின் உள்ளே ஓடும் ஸ்கீம் என்ற நிரல் மொழியில் நாமே ஒரு சார்பாக எழுதிக் கொடுக்கலாம். நடு சி-க்கு அது 0 என்று எண் வைத்திருக்கிறது. சி ஆர்கனின் முதல் துளையும் அதே நடு சி, அரைச் சுரத்துக்கு ஒன்றாக எண்ணிப் போனால் பத்தாம் துளையை ஊதும்போது 36. ஆக 0 முதல் 36 வரை 37 இடம் கொண்ட ஓர் அட்டவணை. நேரடி ரீடுகளில் 19 சுரம், பெண்ட் செய்து 12, ரீடின் வழக்கமான சுருதிக்கு மேலே எழுப்பும் ஓவர்ப்ளோவும் ஓவர்டிராவும் சேர்ந்து 6. கூட்டினால் சரியாக 37, ஒரு இடமும் காலியில்லை. மற்றக் கட்டைகளுக்கு அட்டவணையை நகர்த்தினால் போதும். இரண்டு கட்டைக்கு 2 மேலே. ஐந்து கட்டை ஆர்கன் சி-யை விடக் கனமான குரல் என்பதால் 5 கீழே. அரை மணி நேர வேலை. எண்களெல்லாம் ஒரே நேர்கோட்டில், ஒவ்வொரு சுரத்துக்கும் நேர் கீழே வந்து நிற்கும்போது மனசு நிறைந்துவிடும். சுரத்தோடு ஒட்டும் குறிப்புகளாக எண்ணைப் போட்டால் இந்த நேர்த்தி வராது. வேகமான இடங்களில் எண்கள் ஒன்றையொன்று தவிர்க்கப் படிக்கட்டு மாதிரி மேலே ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் அந்தச் சார்பு ஒரு நேரத்தில் ஒரு சுருதியைத்தான் பார்க்கிறது. முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வரப்போகிறது, எதுவும் அதற்குத் தெரியாது. ப-வுக்கு -2 என்று அட்டவணையில் எழுதினால் எல்லா இடத்திலும் -2. 3 என்றால் எல்லா இடத்திலும் 3. இரண்டுமே தப்பு.

ஏன் தப்பு என்று வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோகனத்தைக் கீழ் ஸ்தாயியில் இறங்கி வாருங்கள்: ச, த, ப, க. த என்பது மூன்றாம் துளையை இழுத்து, முழுச் சுரம் வளைத்து நிறுத்துவது. வாய்க்குள் நாக்கு அதற்கென்று ஓர் இடத்தில் நிற்கிறது. அங்கிருந்து அதே இழுக்கும் மூச்சில் -2-க்கு நகர்ந்தால் இசைக் கோடு அறாமல் வரும். 3-ஐ ஊதச் சொன்னால் அங்கே மூச்சைத் திருப்ப வேண்டும், த-வின் வால் அறுந்துபோகும். அதே ப, க ப ச என்று ஏறும்போது 2, 3, 4 என மூன்றையும் ஒரே ஊதலில் வழுக்கிக்கொண்டு போகலாம். அங்கே -2 போடுவது கொடுமை. இன்னொன்று, இழுப்பாகவே போகும் நீண்ட வரியில் நெஞ்சு நிரம்பிப்போகும். எங்காவது ஒரு 3 கிடைத்தால் மூச்சை வெளியே விடலாம். ராகமும் கார்டும் தெரிந்த நிரலுக்குக்கூட இது தெரியாது.

ஆகவே சுரப்பெயர் வரியை விட்டுவிட்டு தனியாக ஒரு என்கிரேவரை ஸ்கீமில் எழுதினேன். லில்லிபாண்டின் பெரிய பெருமையே இதுதான், மென்பொருளின் உள்ளே இருக்கும் அச்சுக்கோப்பாளர்களோடு நம்முடைய ஆளையும் வேலைக்குச் சேர்க்கலாம். ப வரும்போது என் என்கிரேவர் எண்ணை உடனே எழுதாது. இடத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த சுரம் வரும்வரை காத்திருக்கும். பக்கத்தில் ஒன்று இழுப்பாக இருந்தால் -2, இரண்டு பக்கமும் ஊதலாக இருந்தால் 3. பக்க அமைப்பு பிற்பாடுதான் நடக்கிறது என்பதால் இப்படித் தாமதமாக எண்ணை நிரப்ப முடிகிறது. பெரும்பாலான பாட்டுகளில் இந்த விதி நான் கையால் எழுதுவதையே எழுதுகிறது.

மீதியிருக்கும் இடங்களுக்கு கிடார் டேப்பின் தந்தி எண்ணைப் பயன்படுத்திக்கொண்டேன். கிடாரில் எந்தத் தந்தி என்று சொல்வதற்காகச் சுரத்தின் பின்னால் ஓர் எண் எழுதுவார்கள். அதையே நான் துளை எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். டையடோனிக்கில் துளையும் சுருதியும் தெரிந்தால் ஊதலா, இழுப்பா, பெண்டா என்பது தானாக முடிவாகிவிடும், ஒரு துளைக்குள் ஒரு சுருதி ஒரே வழியில்தான் பிறக்கும். இதைக் கண்டபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை. தந்தி எண்ணுக்கு வரும் வட்டத்தை மட்டும் மறைத்துவிட வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த இன்னொரு சந்தோஷம் ஆரம்ப மாணவர்களுக்கான பிரதி. இரண்டாம் துளையை இழுப்பது புதியவர்களுக்குச் சுலபத்தில் வராது; காற்று அடைத்துக்கொண்டு முனகும். அவர்களுக்கு எல்லா ப-வும் 3-ஆகவே இருக்கட்டும் என்று கோப்பின் தலையில் ஒரு வரி வைத்திருக்கிறேன். அதை மாற்றினால் அதே பாட்டு, அதே பக்க அமைப்பு, எண்கள் மட்டும் வேறு. இசை எழுதும் இன்னொரு மென்பொருளான மியூஸ்ஸ்கோருக்கும் துளை எண் போடும் பிளகின் இருக்கிறது, பழகவும் சுலபம். ஆனால் அது எழுதிவிட்டுப் போவது வெறும் எழுத்து. சுரத்தைப் பிறகு திருத்தினால் எண் பழையபடியே நிற்கும். லில்லிபாண்டில் ஒவ்வொரு முறையும் எல்லாம் புதிதாகக் கணக்கிடப்படுகிறது, சுரமும் எண்ணும் முரண்பட வழியே இல்லை. தமிழ்ப் பாடல் வரிகளையும் கீழே கொடுக்கலாம். கொம்பும் காலும் உடையாமல் எழுத்து ஒழுங்காக வருகிறது. சுரம், துளை எண், தமிழ் வரி மூன்றும் ஒரே பக்கத்தில் நேராக நிற்பதை வேறு எதிலும் இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

இப்போது புதுப்பிப்பு விஷயம். 2.24-இல் உள்ளே ஓடும் ஸ்கீம் இயந்திரம் மாறிவிட்டது, கைல் 1.8 போய் 2.2 வந்திருக்கிறது. கோப்பின் இலக்கணத்தை மாற்றித்தரும் கருவி கூடவே வருகிறது, நல்ல கருவி. ஆனால் நாமே எழுதிய ஸ்கீமை அது சரிசெய்து தராது. நிபந்தனைக்குள் ஒரு மாறியை வரையறுப்பதைப் பழைய கைல் ஏற்றுக்கொண்டது, புதியது மறுக்கிறது. ஆரம்ப மாணவர் பிரதிக்கான அந்த ஒற்றை வரி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. புதிய கைல் கேட்பது நியாயமான ஒழுங்கு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இசை எழுத உட்கார்ந்தவன் மாலை முழுவதும் அடைப்புக்குறி எண்ணிக்கொண்டிருந்தால் ஆர்கனைத் தொடுவது எப்போது? கோபம் வரத்தான் செய்கிறது.

பொத்தான் உள்ள குரோமேட்டிக் ஆர்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன துளை எண் தந்திரம் அங்கே வேலை செய்யாது. நான்காம் துளையை ஊதினாலும் மேல் ச, பொத்தானை அழுத்தி அதே துளையை இழுத்தாலும் மேல் ச, ஐந்தாம் துளையை ஊதினாலும் அதே ச. ம கூட அப்படித்தான்: இரண்டாம் துளையை இழுக்கலாம், அல்லது பொத்தானை அழுத்தி அதையே ஊதலாம். துளையோடு மூச்சையும் சொல்லியாக வேண்டும். அதற்கு நான் இன்னும் ஒரு நல்ல குறியீட்டை அமைக்கவில்லை, கையால்தான் எழுதுகிறேன்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம் சார். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைப்பீர்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு எழுதி நகல் எடுத்துக் கொடுக்கும் உங்களுக்கு ஸ்கீம் தேவையில்லை. மியூஸ்ஸ்கோரில் பிளகினை ஓட்டுங்கள், இல்லையென்றால் லில்லிபாண்டில் பாடல் வரியாகவே எண்களை எழுதுங்கள். நான் விடப்போவதில்லை, அது வேறு விஷயம். என் என்கிரேவர் கோப்பு வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், 2.24-இல் ஓடும். எது எடுத்தாலும் அச்சிடுவதற்கு முன் கீழ் ஸ்தாயி ப ஒவ்வொன்றையும் ஆர்கனை எடுத்து வாசித்துப் பாருங்கள். மூச்சு திரும்பும் இடத்தில் கோடு அறுந்தால் எண்ணை மாற்றுங்கள்.