தரையில் படரும் புதர்ச்செடி: குச்சி நடுவதா, பதியம் போடுவதா?

ஒரு சரிவு முழுக்கப் பச்சையாக மூட வேண்டும், கையில் இருந்ததோ இரண்டு படர் ஜூனிபர், ஒரு கொட்டோனியாஸ்டர், கொஞ்சம் படரும் லந்தானா. விதையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது முளைத்துப் பரவுவதற்குள் களை மூடிவிடும். மிச்சம் இரண்டு வழிதான்: கிளையை வெட்டிக் குச்சியாக நடுவது, இல்லை தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே கிளையை மண்ணில் புதைத்து வேர் விடவைக்கும் பதியம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது பதியத்தின் பக்கம் நிற்கிறேன்.

குச்சியின் பலம் எண்ணிக்கை. ஒரு செடியைக் கவாத்து செய்தாலே 20, 30 குச்சி தேறும். பாதி முற்றிய கிளையில் 10 முதல் 15 செ.மீ. வெட்டி, அடி இலையை உருவி, வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, மணல் கலந்த மண்ணில் செருகி, பாலிதீன் பையால் மூடினால் அன்றைய வேலை முடிந்தது. பாடு அதற்கப்புறம்தான். குச்சிக்கு வேர் கிடையாது, இலையோ நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் பைக்குள் ஈரம் குறைந்தால் காயும், கூடினால் அழுகும். ஜூனிபர் இன்னும் மோசம், செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நின்று ஏமாற்றும். நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி ஒன்றை இழுத்துப் பார்த்தேன், அடி கறுத்துப்போய் நனைந்த தீக்குச்சி மாதிரி கையோடு வந்தது. ஜூனிபர் குச்சியை நான் ஒரு தடவைதான் முயன்றேன், அதை வைத்து முழுத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

பதியத்தில் இந்தக் காவல் வேலை இல்லை. வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியே தண்ணீர் கொடுக்கிறது, நான் ஒரு வாரம் மறந்தாலும் கிளை சாவதில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். தரையோடு போகும் வளையும் கிளையாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே அடிப்பக்கத்தில் கத்தியால் லேசாகக் கீறி, நாலு விரல் ஆழப் பள்ளத்தில் படுக்கவைத்து, கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி குத்தி மண்ணை மூட வேண்டும், நுனி மட்டும் வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். கம்பி இல்லையா, ஒரு கல்லைத் தூக்கி வைத்தாலும் சரி. கல்லுக்கடியில் ஈரம் நிற்பதும் ஒரு லாபம்.

குறையும் உண்டு. ஒரு செடியில் நாலைந்து கிளைக்கு மேல் கிடைக்காது, வேர் பிடிக்கச் சில மாதத்திலிருந்து ஒரு வருஷம்கூட ஆகலாம். லேசாக இழுத்துப் பார்த்துக் கிளை அசையாமல் நின்றால் தாயிடமிருந்து வெட்டலாம், ஆனால் அன்றே தோண்ட வேண்டாம், சில வாரம் அங்கேயே தனியாக வாழப் பழகட்டும். சரிவை மூடுவதுதான் நோக்கம் என்றால் தோண்டவே தேவையில்லை, வேண்டிய பக்கமாகவே கிளையை இழுத்துப் படுக்கவைத்தால் அது இருக்கிற இடமே அதன் இடம்.

லந்தானாவுக்கு மட்டும் இந்தப் பொறுமை வீண். குச்சியைச் செருகினாலே வேர் விட்டுவிடுகிறது.