நரிமேட்டு மாடியில் பிரிட்டன் அரசியல்: எட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் பற்றி ஒரு மதிப்புரை

மதுரை நரிமேட்டில், பிளெக்ஸ் அச்சடிக்கும் கடையொன்றின் மாடியில் இயங்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம், 'இன்றைய பிரிட்டன் அரசியல்' என்ற தலைப்பில் 2025 அக்டோபர் 26 முதல் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாலை 4 மணியிலிருந்து 6.30 மணி வரை வகுப்புகள் நடத்தியது. எட்டுக்கும் தவறாமல் போய் வந்தேன். கட்டணம் 2,400 ரூபாய். நகலெடுத்த பாடக் குறிப்பும் இடைவேளைச் சுண்டலும் தேநீரும் அதில் அடக்கம். குறைகளையும் எழுதப் போவதால் மையத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தவிர்க்கிறேன்; அந்தத் தெருவை அறிந்தவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

நான் கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்வு எழுதும் வயதைக் கடந்து வெகு காலம் ஆகிவிட்டது. வகுப்பில் சேர்ந்ததற்கு என் மகள்தான் காரணம். அவள் லெஸ்டர் நகரில் செவிலியாக வேலை பார்க்கிறாள். முறையாகத் தங்கும் அனுமதி பெற்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதே 2024 ஜூலையில் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தியக் கடவுச்சீட்டையே அடையாளமாகக் காட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தவள், "யாருக்குப் போட்டாலும் ஒண்ணுதான்னு வார்டுல எல்லாரும் சொல்றாங்கப்பா" என்றாள். இதே பேச்சை நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஐம்பது வருடமாகக் கேட்டுவருகிறேன் என்றாலும், இரண்டே கட்சிகள் மாறி மாறி ஆண்டு பழகிய அந்த நாட்டில் அது எப்படி வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

முதல் இரண்டு வகுப்புகளை வீண் என்றே சொல்வேன். வகுப்பு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னதாக, வேல்ஸ் நாட்டில் கேர்ஃபில்லி தொகுதியின் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்திருந்தது. நூறாண்டுக்கு மேலாகத் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த அந்தப் பழைய நிலக்கரிப் பகுதியில், வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 47 விழுக்காடு பெற்று வென்றது. குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ரீஃபார்ம் யூகே 36 விழுக்காட்டுடன் இரண்டாம் இடத்துக்கு வந்தது. தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 11 விழுக்காடு. பாடம் தொடங்க இதைவிட நல்ல வாசல் அமையாது. ஆசிரியரோ 1215ஆம் ஆண்டுக்குப் போய், ஜான் மன்னர் முத்திரை வைத்த மகா சாசனத்தில் அரை மாலையைக் கழித்தார். தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பின் வரிசையில் இருந்த பெற்றோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் வகுப்பிலிருந்து அவர் வேறு மனிதராகிவிட்டார். எண்களைக் கையாள்வதில் அவருக்கு இருக்கும் தேர்ச்சியைக் கணக்கு வேலை பார்த்தவன் என்ற முறையில் மனமாரப் பாராட்டுகிறேன். 1951 தேர்தலில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் தொழிற்கட்சிக்கோ கன்சர்வேட்டிவ் கட்சிக்கோ போட்டிருந்தார்கள். 2024இல் அந்த எண்ணிக்கை 57 ஆக இறங்கியிருந்தது. அதுவும் வாக்களித்தவர்களில்தான், பட்டியலில் பெயர் இருந்தும் நூற்றுக்கு 40 பேர் சாவடிப் பக்கமே போகவில்லை. அப்படியிருந்தும் தொழிற்கட்சி 33.7 விழுக்காட்டு வாக்கில் 650 இடங்களில் 411 இடங்களைப் பிடித்தது. 2019இல் கோர்பின் தலைமையில் படுதோல்வி என்று எல்லாரும் எழுதிய தேர்தலில் அக்கட்சி பெற்ற வாக்குகள் ஒரு கோடியைத் தாண்டியிருந்தன; 2024இல் அதே கட்சியின் தலைவராக ஸ்டார்மர் பெற்ற மாபெரும் வெற்றியில் அவை 97 இலட்சமாகக் குறைந்திருந்தன. இந்த இரண்டு வரிகளையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, ஒன்றும் பேசாமல் சாக்பீஸைக் கீழே வைத்தார். கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டது.

சிறு கட்சிகளின் கணக்கு இதைவிட விசித்திரமானது. அந்தத் தேர்தலில் ரீஃபார்ம் யூகே 41 இலட்சம் வாக்குகளுக்கு 5 இடங்களைப் பெற்றது. அதைவிடக் குறைவாக, 35 இலட்சம் வாக்குகள் பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடங்கள் கிடைத்தன. லிபரல்களின் வாக்கு சில வட்டாரங்களில் குவிந்து கிடந்தது; ரீஃபார்மின் வாக்கு நாடெங்கும் தூவிய உப்பைப் போலப் பரவிக் கிடந்தது. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் பரவலுக்கு மதிப்பில்லை. 1983இல் சமூக ஜனநாயகக் கட்சியும் லிபரல்களும் சேர்ந்து 25.4 விழுக்காடு வாங்கி 23 இடங்களோடு நின்றதும், 27.6 விழுக்காடு வாங்கிய தொழிற்கட்சி 209 இடங்களை எடுத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான். விதியை மாற்றலாமா என்று 2011இல் மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காம் வகுப்பில் அவர் எடுத்த உதாரணம்தான் எட்டு வாரங்களில் சிறந்தது. 2005 செப்டம்பரில் இதே மதுரையில் விஜயகாந்த் தேமுதிகவைத் தொடங்கினார். மறு ஆண்டு 232 தொகுதிகளில் தனித்து நின்று 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாங்கியபோது வென்றது விருத்தாசலத்தில் அவர் ஒருவர் மட்டுமே. 2015இல், பின்னாளில் ரீஃபார்முக்குத் தலைவரான ஃபராஜின் அப்போதைய கட்சி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கேட்ட யூகிப், 12.6 விழுக்காடு வாங்கி, கிளாக்டன் என்ற ஒரே தொகுதியோடு நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும், அதுவரை தூங்கி வழிந்த எங்கள் வரிசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. நம்மிடம் கூட்டணி என்ற ஏற்பாடு இருப்பதால், 2011இல் அதே தேமுதிக அதிமுகவுடன் சேர்ந்து 29 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசைக்குப் போக முடிந்தது. மதுரை மக்களவைத் தொகுதியையே மார்க்சிஸ்ட் கட்சி இரண்டு முறை தொடர்ந்து வென்றிருப்பதும் அந்த ஏற்பாட்டால்தான். பிரிட்டனில் தொகுதிப் பங்கீடு என்ற பேச்சே அரிது. ஆகவே அங்கே சிறு கட்சி ஒன்றுக்கு வாக்களிப்பவர், தன் வாக்கு தோற்கும் என்று தெரிந்தே போடுகிறார் என்று ஆசிரியர் முடித்தார்.

அந்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. இடங்களின் எண்ணிக்கையை வைத்தே எடை போட்டால், யூகிப் தோற்ற கட்சி. ஆனால் அக்கட்சி கன்சர்வேட்டிவ் வாக்குகளைக் கரைத்துவிடும் என்ற அச்சமும் சேர்ந்துதான் பிரதமர் கேமரனை 2013 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பொதுவாக்கெடுப்புக்கு வாக்குறுதி தர வைத்தது. 2016இல் 51.9 விழுக்காட்டினர் வெளியேறலாம் என்று வாக்களித்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடம் வைத்திருந்த கட்சி கேட்டது நடந்தது. முன்னூறுக்கு மேல் இடங்கள் வைத்திருந்த பிரதமர் பதவி விலகினார். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதாமல் விட்டதைப் பாடத்திட்டத்தின் பெரிய ஓட்டை என்றே கருதுகிறேன். நான் எழுந்து கேட்டபோது, "அது வரலாறு சார், நாம் தேர்தல் முறையைப் பார்க்கிறோம்" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இன்னொரு குறை, மக்களுக்கு ஏன் வெறுத்துப்போனது என்பதற்கு அவர் ஒதுக்கிய நேரம். ஆறாம் வகுப்பின் முதல் பாதி, அவ்வளவே. 2009இல் உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் வெளியானதைச் சுவையாகச் சொன்னார். குளத்தில் வாத்துகளுக்கு வீடு வாங்கிய செலவைக்கூட ஒருவர் பொதுப் பணத்தில் கேட்டிருந்தார் என்றதும் வகுப்பே சிரித்தது (அந்தத் தொகை கொடுக்கப்படவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்). கல்விக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று 2010இல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, ஆட்சியில் பங்கு கிடைத்ததும் அதை 9,000 பவுண்ட் வரை உயர்த்த ஒப்பிய லிபரல் டெமாக்ரட்டுகள் அடுத்த தேர்தலில் 57 இடங்களிலிருந்து 8 இடங்களுக்கு விழுந்ததையும் சொன்னார். ஊரையெல்லாம் வீட்டில் அடைத்துவிட்டுப் பிரதமர் ஜான்சனின் அலுவலகத்தில் விருந்து நடந்ததும், லிஸ் டிரஸ் 49 நாள் ஆண்டதும் ஆளுக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தன.

அஞ்சலக வழக்கை அவர் தொடவே இல்லை. என்னைப் போன்ற கணக்கருக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஹொரைசன் என்ற கணினி மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பி, 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் நம் நாட்டு வம்சாவளியினர் கணிசமானோர். அந்த ஆண்டுகளில் தொழிற்கட்சி ஆண்டது, கன்சர்வேட்டிவ் ஆண்டது, லிபரல்களும் பங்கு வகித்தார்கள். சட்டமியற்றித் தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024 வரை ஆனது. யாருக்குப் போட்டாலும் ஒன்றுதான் என்று ஒருவர் சொல்வதற்கு இது ஒன்றே போதாதா? இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பதிவுகள் 2024 நடுவில் 76 இலட்சத்தை ஒட்டி இருந்தன என்பதும் குறிப்பில் ஒரு வரியாக மட்டுமே வருகிறது. என் மகள் ஒவ்வொரு இரவுப் பணியிலும் அந்த வரிசையின் நடுவில்தான் நிற்கிறாள். ஸ்டார்மர் அரசு பதவியேற்ற அதே மாதத்தில் முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவியைப் பெரும்பாலோருக்கு வெட்டிவிட்டு, மறு ஆண்டு ஜூனில் திரும்பக் கொடுத்ததையும் ஓய்வூதியக்காரனாகிய நான்தான் எழுந்து நினைவூட்ட வேண்டியிருந்தது.

அவளுடைய லெஸ்டரைப் பற்றி ஆசிரியர் சொன்னவை மட்டும் எனக்குப் புதியவை, அவளுக்குமே புதியவை. 2024இல் லெஸ்டர் தெற்கில் தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர் ஜோனதன் ஆஷ்வொர்த்தை, காசாவை முன்வைத்து நின்ற சுயேச்சை ஷாக்கத் ஆடம் 979 வாக்குகளில் வீழ்த்தினார். பக்கத்துத் தொகுதியான லெஸ்டர் கிழக்கில், 1987 முதல் தொழிற்கட்சி வைத்திருந்த இடத்தை ஷிவானி ராஜா கன்சர்வேட்டிவ் கட்சிக்காக வென்றார். நாடு முழுவதும் தோற்ற அந்தக் கட்சி புதிதாகப் பிடித்த ஒரே தொகுதி அது. தொழிற்கட்சியின் முன்னாள் உறுப்பினர்கள் இருவர் தனித்தனியே நின்று ஓட்டைப் பிரித்ததை அவர் விளக்கியபோது, அது ஏதோ மேலூர்ப் பக்கத்து ஊராட்சித் தேர்தல்போல அவ்வளவு பழக்கமாக இருந்தது.

ஏழாம் வகுப்பில் ரீஃபார்ம் கட்சியின் எழுச்சி. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் 677 இடங்களையும் பத்து மன்றங்களையும் அது பிடித்தது, ரன்கார்ன் இடைத்தேர்தலில் வெறும் 6 வாக்குகளில் வென்றது, பசுமைக் கட்சி சாக் போலன்ஸ்கியின் தலைமையில் இடப்பக்கமாக வளர்வது எல்லாம் தெளிவாக வந்தன. அப்போது வில்லாபுரத்திலிருந்து வரும் ஓர் அம்மா, பிரிட்டனில் முதியோர் இல்லத்தில் பணிபுரியும் தன் மகனை நினைத்து, "சார், என் மகனுக்கு அஞ்சு வருசங்கிறது பத்து வருசமாயிருமாமே, நெசமா?" என்று கேட்டார். அது விசா விஷயம், பாடத்தில் வராது என்று பதில் கிடைத்தது. அந்தக் கேள்விதான் பாடமே. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான பொதுக் காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கும் திட்டத்தை 2025 மே மாதம் முன்வைத்தது தொழிற்கட்சி அரசு. ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதை நிறுத்தியது. செப்டம்பரில் ரீஃபார்மின் ஃபராஜ் அந்த உரிமையையே ஒழிப்பேன் என்றார். நவம்பரில் அரசு, பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்கு 15 ஆண்டு என்ற முன்மொழிவை வைத்தது. 2024இல் ஐந்து இடம் பிடித்த கட்சி, நானூறுக்கு மேல் இடம் பிடித்த கட்சியைத் தன் பக்கம் இழுக்கிறது. வில்லாபுரத்து வீட்டில் கடன் தவணை கட்டுகிறவருக்கு அந்த இழுவைதான் பிரிட்டன் அரசியல். இடைவேளையில் சுண்டல் தட்டோடு அந்த அம்மாவிடம், எனக்குத் தெரிந்த வரையில் இதையெல்லாம் நானே சொன்னேன்.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறவர்கள் தயங்காமல் சேரலாம். தேர்தல் முறை பற்றி இவ்வளவு தெளிவாகத் தமிழில் சொல்கிறவரை நான் இதற்கு முன் கேட்டதில்லை. டெபாசிட் பற்றிய அரை மணி நேரமும் அருமை: அங்கே 500 பவுண்ட், 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினால் திரும்பக் கிடைக்கும், இங்கே மக்களவைக்கு 25,000 ரூபாய், ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். பிள்ளைகள் அங்கே இருக்கும் பெற்றோர், மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை மட்டும் வர அனுமதி கேட்டுப் பாருங்கள். கேட்டால் கட்டணத்தைக் குறைக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாடக் குறிப்பின் தேர்தல் அட்டவணை 2019உடன் நின்றுவிடுகிறது. மற்றதைக் கையால் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு எடுத்துப் போகவும்.

அடுத்த அணி தை மாதம் தொடங்குகிறது. வண்டியைக் கடை வாசலில் நிறுத்தாதீர்கள். அச்சான கட்சி பிளெக்ஸ்களைக் கடைக்காரர் அங்கேதான் விரித்து உலர்த்துகிறார், ஏழாம் வாரம் என் ஸ்கூட்டர் சக்கரத்தில் ஒரு தலைவரின் பாதி மீசை ஒட்டிக்கொண்டு வந்தது.