இருவர் வீட்டுக்கு எத்தனை லிட்டர் ரைஸ் குக்கர்?

ஈரோட்டில் எங்கள் வீட்டில் இப்போது நானும் கணவரும் மட்டுமே இருக்கிறோம். மகள் வேலைக்காகக் கோவை சரவணம்பட்டிக்குப் போன பிறகு, ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரின் அடியில் ஒன்றரை டம்ளர் அரிசியைப் போட்டு விசில் எண்ணிக்கொண்டிருப்பது அலுத்துப்போனது. கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று மின்சார ரைஸ் குக்கர்கள் எங்கள் கைக்கு வந்தன. மகளின் அறைக்கென்று வாங்கி, அவள் விடுதி மாறியபோது திரும்பி வந்த 0.6 லிட்டர் ஒன்று. உறவினர் ஒருவர் புதுமனை புகுவிழாவுக்குக் கொடுத்த 1.8 லிட்டர் ஒன்று. கடைசியாக நாங்களே நான்கு கடை ஏறி இறங்கி வாங்கிய 1 லிட்டர் ஒன்று. மூன்றும் மூன்று நிறுவனங்களுடையவை. ஆயினும் அவற்றுக்கிடையே நான் கண்ட வேறுபாட்டில் பெரும்பங்கு அளவாலும் அமைப்பாலும் வந்ததே தவிர, பெயரால் வந்ததன்று என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்த லிட்டர் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தானாக அணையும் மின்சார ரைஸ் குக்கரை 1955-இல் சந்தைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டது ஜப்பானின் தோஷிபா நிறுவனம். அந்நாட்டில் அரிசி அளக்கும் கப் 180 மில்லி. அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும். நம் ஆழாக்கை 168 மில்லி என்பார்கள்; ஆகவே குக்கரோடு வரும் அந்தப் பிளாஸ்டிக் கப்பை ஏறக்குறைய ஓர் ஆழாக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். பத்து கப் அரிசி பிடித்தால் 1.8 லிட்டர். பல பெட்டிகளில் அச்சிட்டிருப்பது இந்தக் கணக்குத்தான். அதாவது பாத்திரம் கொள்ளும் தண்ணீரின் அளவாக இல்லாமல், வேகவைக்கத்தக்க அரிசியின் அளவாக அந்த எண் நிற்கிறது. அதுவும் எந்த அரிசி? தன் அளவைவிடச் சற்றே கூடுதலான தண்ணீரில் வெந்துவிடும் ஜப்பானியப் பச்சரிசி. காங்கேயத்து மில்லிலிருந்து வரும் புழுங்கல் பொன்னியோ ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் கேட்கிறது. பழைய அரிசியானால் இன்னும் அரைக் கப் கூடக் கேட்கும். ஆகவே மூன்று கப் என்று சொல்லப்படும் 0.6 லிட்டர் குக்கரில் நம் புழுங்கலரிசி ஒரு கப்தான் வேகும். அது ஓர் ஆளுக்கு ஒரு வேளை; தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு அதுவும் பற்றாது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. சில நிறுவனங்கள் அரிசியின் அளவை அச்சிடாமல், பாத்திரத்தின் முழுக் கொள்ளளவையே பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகின்றன. மேட்டூர் ரோட்டில் ஒரு கடையில் இரண்டு குக்கர்களை அருகருகே வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் 1 லிட்டர் என்றும் மற்றொன்றில் 1.5 லிட்டர் என்றும் இருந்தது. கண்ணுக்கு 1 லிட்டரே பெரிதாகத் தெரிந்தது. நான் கைப்பையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, "தம்பி, இதுல ஊத்திப் பாத்துக்கலாமா?" என்று கேட்டேன். "ஏனுங்கக்கா, டப்பாவுலயே எழுதியிருக்குதுங்களே" என்றான் கடைப்பையன். கல்லாவில் இருந்த பெரியவர், "ஊத்திப் பாக்கட்டும் உடு, துணி எடுத்தா" என்றார். 1 லிட்டர் என்றிருந்த பாத்திரம் இரண்டு பாட்டிலுக்கு மேல் வாங்கியது. 1.5 லிட்டர் என்றிருந்ததோ ஒன்றரைப் பாட்டிலிலேயே விளிம்பைத் தொட்டுவிட்டது. குக்கர் வாங்கப் போகிறவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதே நான் சொல்லக்கூடிய முதல் யோசனை. இணையத்தில் வாங்குவோருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் முழுக் கொள்ளளவு, அரிசி அளவு ஆகிய இரண்டும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இரண்டு கப் புழுங்கலரிசியும் ஆறு கப் தண்ணீரும் சேர்ந்தால் பாத்திரத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் உயரத்துக்கு நிற்கும்; அதற்கு மேல் நுரை எழும்ப இடம் வேண்டும். முழுக் கொள்ளளவு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் இது தாராளமாக அடங்கும். இருவருக்கு மதியச் சாப்பாட்டுக்கும் இரவு ஒரு கை ரசம் சோற்றுக்கும் இந்த அளவு சரியாக இருக்கிறது.

பெரியதாகவே வாங்கிவிட்டால் விருந்தாளி வந்தாலும் உதவுமே என்று நானும் எண்ணியிருந்தேன். 1.8 லிட்டர் குக்கரை ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு அந்த எண்ணம் மாறியது. அகன்ற பாத்திரத்தில் ஒன்றரைக் கப் அரிசி மெல்லிய படுகையாகப் பரவிவிடுகிறது. 700 வாட் சூட்டில் தண்ணீர் ஆவியாகப் போகும் வேகத்துக்கு அரிசியின் நடுப்பகுதி வேகும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. அடியில் தோசை போல ஒரு பொருக்கு, மேலே கரண்டியில் எடுத்தால் உதிரும் அரைவேக்காடு. தண்ணீரைக் கூட்டினால் குழைந்தது. குறைந்தது மூன்று கப் போட்டால்தான் அந்தக் குக்கர் ஒழுங்காக வேலை செய்தது. எந்தக் குக்கரும் தன் அரிசி அளவில் கால் பங்குக்குக் கீழே இறங்கினால் முரண்டு பிடிக்கும் என்பது என் அனுபவம்.

இது ஏன் என்பது, அந்தச் சுவிட்ச் 'டக்' என்று மேலே ஏறுவது எப்படி என்று தெரிந்தால் விளங்கிவிடும். சூடாக்கும் தட்டின் நடுவே வில்லின் மேல் அமர்ந்திருக்கும் குமிழுக்குள், ஏறத்தாழ 103 பாகை செல்சியஸில் காந்த ஈர்ப்பை இழக்கும் ஓர் உலோகக் கலவை இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி கொதிநிலையைத் தாண்டாது; தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், காந்தம் கைவிடும், வில் தள்ளிவிடும். கோவை மேட்டில் தண்ணீர் 100 பாகைக்குச் சற்று முன்பே கொதித்துவிடுகிறது. குன்னூர் போய்விட்டால் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அங்கேயும் சுவிட்ச் சரியாகவே அணையும். ஆனால் அரிசி குறைந்த சூட்டில் வேகுவதால் முன்கூட்டி ஊறவைத்து, தண்ணீரும் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். மலையில் குடியிருப்பவர்களுக்குப் பிரஷர் குக்கரே மேல்.

இதே காரணத்தால், வடித்த சோறுதான் வேண்டும் என்கிற வீடுகளுக்கு இந்தக் கருவி ஏற்றதன்று. கஞ்சி வடிக்க வேண்டுமானால் தண்ணீர் மிச்சமிருக்க வேண்டும். தண்ணீர் மிச்சமிருந்தால் சுவிட்ச் அணையாது. பதம் பார்த்து நாமே நிறுத்தி, கொதிக்கிற பாத்திரத்தைத் துணி பிடித்துத் தூக்கி வடிதட்டில் சாய்ப்பதானால், அதைச் சாதாரணக் குண்டாவிலேயே செய்துவிடலாம். என் மாமியார் ஒரு வாரம் எங்களோடு இருந்தபோது, "சோறு நல்லாத்தான் இருக்குது கண்ணு, ஆனா கனமா இருக்குது" என்றார். கஞ்சி உள்ளேயே சுண்டிய சோறு அப்படித்தான் இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. கணவர் இன்னும் முனகுகிறார்.

0.6 லிட்டர் குக்கரைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. நான் சொல்லிக் கொடுத்தபடியே மகள் அதில் ஒன்றரைக் கப் புழுங்கலரிசி வைத்ததால், கொதி வந்த ஐந்தாவது நிமிடத்தில் கண்ணாடி மூடியின் துளை வழியாகக் கஞ்சி பொங்கி, பக்கவாட்டில் வழிந்து, சூட்டுத் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையே புகுந்து காய்ந்துவிட்டது. அது என் பிழைதான். ஆனால் அதன்பின் சுவிட்ச் நிற்கவில்லை என்று உத்தரவாதக் காலத்துக்குள் சேவை மையத்தில் கொடுத்தபோது, மூன்று வாரம் வைத்திருந்து, உதிரி பாகம் வரவில்லை என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் குமிழைச் சுற்றி ஒட்டியிருந்த கஞ்சிப் பொருக்கைச் சுரண்டியெடுத்ததும் அது ஓடத் தொடங்கியது. தட்டின் மேல் ஒரே ஒரு பருக்கை கிடந்தாலும் பாத்திரம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், குமிழ் சரியாகத் தொடாது. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட்டு வைப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்போதுள்ள 1 லிட்டர் குக்கர் 2,150 ரூபாய், 400 வாட், கண்ணாடி மூடி, ஒரே ஒரு அழுத்துச் சுவிட்ச். கொங்கு வீட்டில் ஒரு குக்கருக்கு உண்மையான பரீட்சை, அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைக்கும் அரிசியும் பருப்பும் சாதம்தான் என்பதால் அதை முதல் வாரமே வைத்துப் பார்த்தேன். இரண்டு முறை தோற்றேன். பாத்திரத்திலேயே எண்ணெய் ஊற்றித் தாளிக்க முயன்றபோது, தண்ணீர் இல்லாத சூட்டில் சுவிட்ச் சீரகம் பொரியுமுன்னே மேலே ஏறிவிட்டது. மறுநாள் தாளிப்பை வடச்சட்டியில் செய்து கொட்டினேன். இப்போது தக்காளியும் பருப்பும் சேர்ந்து கெட்டியான கலவை அடியில் பிடித்து, மேலே தண்ணீர் தளதளவென்று நிற்கும்போதே சுவிட்ச் அணைந்துவிட்டது. மூன்றாம் முறை, ஒரு கப் அரிசிக்குக் கால் கப் துவரம்பருப்பு என்று எடுத்து, இரண்டையும் முக்கால் மணி நேரம் ஊறவைத்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், தக்காளி, தேங்காய்ச் சில்லு எல்லாவற்றையும் வடச்சட்டியில் நன்றாகச் சுருள வதக்கி, நான்கரைக் கப் சுடுதண்ணீரோடு சேர்த்து, கொதி வந்ததும் மரக்கரண்டியால் அடிவரை ஒருமுறை கிளறிவிட்டேன். சுவிட்ச் அணைந்த பின் பத்து நிமிடம் மூடி திறக்காமல் விட்டேன். பருப்பு இதழிதழாகப் பிரிந்து, சோறு குழையாமல் நெகிழ்ந்து வந்தது. நல்லெண்ணெய் ஊற்றித் தட்டில் வைத்ததும் கணவர் முனகவில்லை.

மின்சாரச் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. 400 வாட் குக்கர் 35 நிமிடம் ஓடினால் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு ஒரு முறை என்றால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு அந்த இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கவலைப்பட வேண்டியது வோல்டேஜ். கோபிக்கு அருகில் எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அக்கம்பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 230 வோல்ட்டுக்குப் பதில் 180 தான் வரும். அப்போது குக்கரின் சூடு ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்து, 35 நிமிட வேலை ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், இந்தச் சாதாரணச் சுவிட்ச் அழுந்தியபடியே இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். பொத்தான்களும் சிறு திரையும் உள்ள மின்னணு வகைகளில் சில, மின்சாரம் துண்டித்து வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகின்றன. மாதந்தோறும் பராமரிப்பு மின்தடை உள்ள ஊரில் அந்த மறதிக்குக் கூடுதல் விலை கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

சூடாக வைத்திருக்கும் 'வார்ம்' வசதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்புவதில்லை. சோற்றில் கொதியையும் தாங்கி உயிர்பிழைக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். 60 பாகைக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகும். வார்ம் விளக்கு எரியும்போது சோறு தொட முடியாத சூட்டில் இருந்தால் நல்லது. கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் அந்தக் குக்கரின் வார்மை அணைத்துவிடுவதே பாதுகாப்பு. மிச்சச் சோற்றை ஆறவிட்டு உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, ஒட்டாத பூச்சுள்ளதைவிட வெறும் அனோடைஸ் அலுமினியத்தையோ எவர்சில்வரையோ தேர்ந்தெடுப்பேன். பூச்சு கெடுவது குக்கரின் சூட்டால் அன்று. அந்தச் சூட்டை அது எளிதில் தாங்கும். கெடுப்பவை நம் சில்வர் கரண்டியும், பாத்திரத்திலேயே அரிசி களையும் பழக்கமும். எங்கள் வீட்டில் போர்த் தண்ணீர் என்பதால் மூன்றே மாதத்தில் உள்ளே வெள்ளைப் படலம் படிந்தது. சமையலுக்கு நல்ல தண்ணீரே ஊற்றுகிறோம், ஆனால் கழுவுவதற்கு உப்புத் தண்ணீர்தானே. மாதம் ஒருமுறை புளிக்கரைசலைக் கொதிக்கவிட்டால் போய்விடுகிறது. சிறுவாணி வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

வாங்கும்போது இரண்டாவது பாத்திரம் கூட வருகிறதா என்று கேளுங்கள். ஒன்று கழுவக் கிடக்கும்போது மற்றொன்று உதவும். மின்கம்பி கழற்றி மாட்டும் வகையாக இருந்து, அதே கம்பி தனியாகவும் விற்கப்பட்டால் இன்னும் நல்லது. 1.8 லிட்டர் குக்கர் இப்போது பரணில் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு மகளும் மாமியாரும் வரும்போது இறக்குவோம். 0.6 லிட்டரைச் சாளைக்குக் கொண்டுபோய்விட்டோம். காவலுக்கு இருக்கும் அண்ணன் அதில் ஒரு கப் சாமை வைத்துக்கொள்கிறார். அவர் ஒருவருக்கு அது போதுமானதாக இருக்கிறது.