15 கிலோ கேட்டேன், 6 கிலோ எழுதிக் கொடுத்தார்

பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு என் வீட்டுக்கு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வாரத்துக்கு ஒருத்தியாவது சொல்வாள்: “யக்கா, ரெண்டு இன்ச் கம்மியா வெச்சுத் தச்சுடு. கல்யாணத்துக்குள்ள எப்படியும் இளைச்சிடுவேன்.” சரி சரி என்று தலையாட்டுவேன். துணியை மட்டும் குறைத்து வெட்ட மாட்டேன். தையலை உள்ளே தள்ளிப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரு இன்ச் துணி விட்டுவைப்பேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஹூக் போட முடியவில்லை என்று அவளே வருவாள். பிளேடை எடுத்துப் பிரித்துவிடுவேன். தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துக் கொடு என்று வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இத்தனையும் தெரிந்த நானேதான், அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம் என்றதும், போன புரட்டாசியில் ஒரு டயட்டீஷியன் எதிரில் உட்கார்ந்து “நாலு மாசத்துல 15 கிலோ குறையணும்” என்று கேட்டேன்.

இடம் தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். கீழே மருந்துக் கடை, மாடியில் ஒரே ஒரு அறை. முதல் தடவை 400 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 200. இந்த விமர்சனத்தில் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். இருக்கிற ஆட்களுக்கே நாற்காலி பத்தவில்லை, வேண்டாம் அக்கா என்றுவிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். டாக்டரம்மா என்று கூப்பிட்டால் உடனே திருத்துவார், “நான் டாக்டர் இல்லக்கா.”

இதற்கு முந்தைய வருடம் வேறொரு இடத்தில் மாவு கரைத்துக் குடித்த கதையைச் சொல்லியாக வேண்டும். 30 நாளில் 10 கிலோ என்று சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். 7,800 ரூபாய். காலையும் ராத்திரியும் மாவு, மதியம் மட்டும் சோறு. முதல் வாரத்தில் 3 கிலோ குறைந்தது. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாதக் கடைசியில் 6. மாவு தீர்ந்தது, மறுபடி வாங்கக் காசில்லை, சோற்றுக்குத் திரும்பினேன். தீபாவளிக்குள் போன 6 கிலோவும் வந்து, கூடவே இரண்டைக் கூட்டிக்கொண்டும் வந்தது. போதாததற்குத் தலை சீவினால் சீப்பு நிறைய முடி.

அந்த 3 கிலோ என்னவென்று இந்த மாடி அறையில்தான் தெரிந்தது. நாம் சாப்பிடுகிற மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைக்குமாம். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்குமாம். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் கூடவே இறங்கிவிடும். 7,800 ரூபாய் கொடுத்து முதல் வாரத்தில் நான் இறக்கியதில் பெரும்பங்கு தண்ணீர். முடி கொட்டுவதும் அப்படித்தான், பட்டினி போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து நிதானமாக வரும். சட்டென்று இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு அதிகம் என்றார். நல்லவேளை, அது எனக்கு வரவில்லை.

முதல் நாள் எடை 82.4, உயரம் 155 செ.மீ. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. 34 சொச்சம். நம் ஊர் உடம்புக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 தாண்டினால் பருமன் என்றார். 25-க்கு வர நான் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று கேட்டேன். 60. அப்படியானால் 22 கிலோ! என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “விம்கோ நகருக்கு இப்பவே டிக்கெட் எடுக்காதீங்கக்கா. காலடிப்பேட்டைக்கு எடுங்க, இறங்கிப் பார்க்கலாம்” என்றார். மெட்ரோவில் காலடிப்பேட்டை முன்னாலேயே வந்துவிடும், விம்கோ நகர் அதைத் தாண்டிப் போக வேண்டும்.

அப்புறம் நோட்டில் எழுதிக் காட்டினார். இந்த விமர்சனத்தை நான் எழுதுவதே அந்த ஒரு பக்கத்துக்காகத்தான். ஒரு கிலோ கொழுப்பு என்றால் சுமார் 7,700 கலோரி. நான் கேட்ட 15 கிலோவுக்கு 1,15,500. கல்யாணத்துக்கு 17 வாரம், அதாவது 119 நாள். வகுத்தால் தினம் 970 கலோரி குறைய வேண்டும். “நீங்க சாப்பிடறதே தோராயமா 1,900. மீதி 930-ல மிஷின் மிதிச்சு, சமைச்சு, தண்ணிக் குடம் தூக்கி... எத்தனை நாளைக்கு?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. மாவுக்காரர்கள் யாரும் இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டவில்லை.

வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவது பொதுவாகச் சரியான வேகம் என்கிறார்கள். என்னைப் போல் குள்ளமாக, நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணுக்கு அரை கிலோவே அதிகம் என்றார். நோட்டின் ஓரத்தில் மூன்று எண் எழுதினார்: 4, 6, 8. நாலு கட்டாயம், ஆறு நம் இலக்கு, எட்டு வந்தால் எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுங்கள். 82 கிலோவில் அது 5, 7, 10 சதவீதம். அந்த 7-க்கு ஒரு காரணமும் சொன்னார். என் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, அப்போது 6.1, சர்க்கரை நோயின் வாசற்படி. என்னைப் போல் வாசற்படியில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும்தான் இலக்கு. 2002-ல் முடிவு வந்தபோது அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்திருந்தது. சென்னையிலிருந்தே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. அதில் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் சர்க்கரை வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சரி, ஆறு சின்ன எண் இல்லை என்று அப்போதுதான் மனசு ஒப்பியது.

பட்டினி எதுவும் சொல்லவில்லை. “எண்ணெய் மாசம் எத்தனை பாக்கெட்?” என்று மட்டும் கேட்டார். நாலு பேருக்கு 5 லிட்டர். தலைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். அதை 3 லிட்டர் ஆக்குங்கள், உங்கள் பங்கில் தினம் சுமார் 140 கலோரி போகும் என்றார். அடுத்தது டீ. மிஷினில் உட்கார்ந்தால் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டு டீ, ஒரு ஸ்பூன் என்றால் சர்க்கரையில் மட்டும் 160. ஆகத் தினம் 300. அதை வைத்து 119 நாளுக்குப் போட்டால் 4.6 கிலோ, நடையையும் சேர்த்தால் ஆறைத் தொடலாம். உடம்பு சிறுக்கச் சிறுக்க அதன் செலவும் குறையும், அதனால் கணக்கு நேர்கோட்டில் போகாது என்று அப்போதே எச்சரித்தும்விட்டார். மீன் வறுவல் வாரம் ஒரு நாள், மற்ற நாள் குழம்பு. பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவதை மறைத்துவைத்திருந்தேன், அதையும் கறந்துவிட்டார். மாதம் இரண்டு தட்டு என்று பேரம் முடிந்தது. நான் சர்க்கரை மாத்திரை போடுவதில்லை. போடுகிறவர்கள் மாத்திரை எழுதிய டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது என்று பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும் என்றார். நான் கேட்பேனா? புது டிஜிட்டல் மெஷின் வாங்கித் தினமும் ஏறி நின்றேன். ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டு வஞ்சிரக் கருவாடும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு. திங்கட்கிழமை காலை ஏறினால் 1.3 கிலோ கூடுதல். அழுகையே வந்துவிட்டது. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. தையல் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு நேரில் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் “நேத்து என்ன குழம்பு?” என்றார்.

சொன்னேன். 1.3 கிலோ கொழுப்பு ஏற, தேவைக்கு மேல் பத்தாயிரம் கலோரி சாப்பிட்டிருக்க வேண்டுமாம். “கருவாட்டைக் கூடையோட முழுங்கினாத்தான் உண்டு. உப்பு தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்கு, போயிடும்.” புதன்கிழமை போயிருந்தது. மாதவிலக்கு நாட்களிலும் இப்படித்தான் ஒன்று ஒன்றரை கிலோ ஏறி இறங்கும் என்றார். அன்றிலிருந்து மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, புதன்கிழமை மட்டும் இழுக்கிறேன்.

ஒரு விஷயத்தில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இடுப்பு அளக்க அவர் வைத்திருந்த இன்ச் டேப் இழுபட்டுப் போன பழசு. அந்த மாதிரி டேப் அரை இன்ச் பொய் சொல்லும். என் பையிலிருந்து என் டேப்பை எடுத்துக் கொடுத்தேன். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபிறகு, விரல் நுழையாமலும் அழுத்தாமலும். 41 இன்ச். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இன்ச்சுக்குள் இருப்பது நல்லதாம். நாற்பது வயது தாண்டிய வாடிக்கையாளர்களில் அந்த அளவை நான் எழுதியது ரொம்பக் குறைவு.

நடைக்கு ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்கா. எங்கள் வீட்டில் இன்னமும் ராபின்சன் பூங்காதான். ஐப்பசியில் மழை பிடித்ததும் நடை நின்றது. 1949-ல் தி.மு.க. தொடங்கிய கூட்டம் இங்கே கொட்டுகிற மழையில் நடந்தது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர்களுக்கு முட்டி வலி இல்லை. நான் வீட்டுக்குள்ளேயே மிஷினுக்கும் வாசலுக்கும் நடந்தேன். கார்த்திகையில் மூன்று வாரம் 79.1-லேயே முளை அடித்தது போல் நின்றுவிட்டது. இன்னும் சோற்றைக் குறைக்கட்டுமா என்றேன். வேண்டாம், ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டார். தை முகூர்த்தத் துணி குவிந்து கிடந்தது, ஒரு மணிக்கு. பதினொன்றுக்குப் படுக்கச் சொன்னார். அந்த மூன்று வாரத்தில் மெஷின் அசையவில்லை, டேப்பில் அரை இன்ச் இறங்கியிருந்தது. எது காரணம் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

குறைகளும் இருக்கின்றன. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அச்சடித்த சார்ட்டில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி. அதைப் பேனாவால் அடித்துவிட்டுக் கேழ்வரகு, கீரை, நெத்திலி என்று எழுதித் தருகிறார். எப்படியும் அடிக்கப்போகிறீர்கள், புதிதாக அச்சடித்தால் என்ன என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். கேட்டால்தான் பில். மொசைக் தரை மேடுபள்ளம், அங்கே என் எடை வீட்டு மெஷினைவிட 600 கிராம் குறைவு. நான் வீட்டு எடையைத்தான் எழுதிக்கொண்டேன், முதல் நாள் எடையையும் அதற்கேற்ப மாற்றி.

கல்யாண வாரத்தில் 77.2. ஆக 5.2 கிலோ, ஆறையும் தொடவில்லை. இடுப்பு முப்பத்தெட்டரை. ஹெச்பிஏ1சி 5.8. பந்தியில் ஒரு உறவுக்காரம்மா, “இன்னாடி, டயட்டு டயட்டுன்ன, அப்படியேதான் கீற” என்றார். ஆமாம் பெரியம்மா என்று சொல்லிவிட்டு இலையில் கவனமானேன். என் பட்டு ஜாக்கெட்டை அந்த வாரத்து அளவிலேயே தைத்திருந்தேன். உள்ளே ஒரு இன்ச் துணி விட்டுத்தான். இன்றுவரை பிரிக்கவில்லை. இப்போது 76.4, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. செவ்வாய் அல்லது வியாழன், மாலை 5 மணிக்கே போய்விடுங்கள். ஒரு மாத எண்ணெய்க் கணக்கையும் ஒரு நல்ல இன்ச் டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறவும்.