தர்பூசணியா, அன்னாசியா, முட்டைகோஸா? கிரிலில் ஏற்றத் தகுந்தவை எவை?

கிரில் அடுப்பு என்றதும் கோழியும் மீனும்தான் நினைவுக்கு வரும். அதே கம்பிகளின் மேல் தர்பூசணி, லெட்யூஸ், பாலாடைக்கட்டி, பீட்சா மாவு என்று எதையெல்லாமோ ஏற்றிப் பார்க்கிறவர்கள் இப்போது நிறைய. படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வரிவரியாகக் கறுப்புக் கோடு விழுந்துவிட்டால் எந்தப் பண்டத்தைப் பார்த்தாலும் நாக்கில் நீர் ஊறும். வாயில் போட்டபின்தான் எது தேறும், எது தேறாது என்பது தெரியவரும்.

நான் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: வீட்டுக்குள் ஒரு வாணலியில் செய்தால் இதே ருசி வருமா? வருமென்றால், கரியை மூட்டி, விசிறி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பது எதற்கு?

தணலுக்கென்று இரண்டு பலங்கள் உண்டு. ஒன்று புகை. இன்னொன்று, மேல்பரப்பைச் சட்டென்று காயவைக்கும் அனல். ஈரம் இருக்கிறவரை உணவின் மேல்பரப்பு 100 டிகிரி செல்சியஸைப் பெரிதாகத் தாண்டாது. வறுத்த மணமும் பொன்னிறமும் மளமளவென்று வர 140 டிகிரியாவது வேண்டும். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் கூடி இப்படி நிறம் மாறுவதை 1912-இல் எழுதி வைத்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். மயார் வினை என்று அவர் பெயரிலேயே அது நிலைத்துவிட்டது. ஆக, கிரிலில் ஏற்றும் பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பழங்கள்

தர்பூசணியில் 100 கிராமுக்குச் சுமார் 91 கிராம் தண்ணீர். சர்க்கரை 6 கிராம்தான். அன்னாசியில் தண்ணீர் 86, சர்க்கரை 10. இந்த வித்தியாசம் கம்பியில் வைத்த உடனேயே தெரிந்துவிடும். தர்பூசணி சீறும், நீர் விடும், தணலை அணைக்கப் பார்க்கும். அது காய்ந்து நிறம் பிடிப்பதற்குள் உள்ளே வெந்து தொளதொளத்துவிடும். இரண்டு விரல் தடிமனில் வெட்டி, உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, ஊறிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கடும் அனலில் வைத்தால் ஓரளவு சரியாக வரும். சதை இறுகி, இனிப்போடு ஒரு உப்புக் கரிப்பு சேர்ந்து, சாலட்டில் போட நன்றாகவே இருக்கும். ஆனால் இவ்வளவு பாடுபட்டு, குளிர்ந்த தர்பூசணியில் இருக்கும் அந்த மொறுமொறுப்பை இழப்பானேன்? வெறும் வேடிக்கைக்காகச் செய்வதென்றால் செய்யலாம்.

அன்னாசிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. விரல் தடிமன் வட்டங்கள், நடுத்தர அனல், பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். சர்க்கரை தூவ வேண்டியதில்லை, பழத்தில் இருப்பதே உருகி நிறம் பிடிக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பச்சை அன்னாசி நாக்கை அரிப்பதற்கு, அதிலுள்ள புரோமெலைன் என்ற புரதம் அறுக்கும் நொதி ஒரு முக்கியக் காரணம். நன்றாகச் சூடேறினால் அது செயலிழந்துவிடும். அன்னாசி சாப்பிட்டால் வாய் புண்ணாகிறது என்று ஒதுக்குகிறவர்களுக்குக் கூட, சூடு உள்வரை இறங்கிய துண்டு தொந்தரவு தராமல் போகலாம். வாணலியில் செய்தால் சாறு தேங்கி அதிலேயே வெந்து ஜாம் போல ஆகிவிடும். கம்பியில் சாறு கீழே சொட்டிப் போவதால் மேல்பரப்பு காய்கிறது. என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் பழம் இதுதான்.

பீச் பழத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். கொட்டையை எடுத்துவிட்டுப் பாதியாக வைத்தால் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் சற்றுக் கனிந்திருந்தாலும் தோல் கழன்று, சதை கம்பியில் ஒட்டிக்கொண்டு, இடுக்கிக்கு அகப்படாமல் நழுவும். அதற்குப் பதில் வாழைப்பழத்தை நான் சிபாரிசு செய்வேன். பழுத்தும் கெட்டியாக இருக்கும் பழத்தைத் தோலோடு நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நிமிடம் வைத்து, நிறம் வந்ததும் திருப்பிப் போட்டால் மிச்ச வேலையைத் தோல் பார்த்துக்கொள்ளும். சதை கம்பியில் படாது, உதிராது, அப்படியே கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம்.

பாலாடைக்கட்டி

சூட்டில் உருகி வழிய வேண்டிய கட்டியைக் கம்பியின் மேல் வைப்பது முட்டாள்தனம் என்றுதான் தோன்றும். ஆனால் எல்லாக் கட்டியும் உருகுவதில்லை. சைப்ரஸ் தீவின் ஹலூமியைச் செய்யும்போதே, திரண்ட கட்டிகளை அதன் மோர்நீரிலேயே 90 டிகிரிக்கு மேல் வேகவைத்து எடுப்பார்கள். அதனால் பிறகு தணலில் வைத்தாலும் உருவம் குலையாது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குப் பிறப்பிடப் பாதுகாப்பும் கொடுத்துவிட்டது. பனீர் உருகாததற்குக் காரணம் வேறு. சூடான பாலில் அமிலம் விட்டுத் திரிக்கும்போது, புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியம் கரைந்து போகிறது. அப்படித் திரண்ட புரதம் சூடேறினால் இளகாமல் இன்னும் இறுகத்தான் செய்யும்.

இரண்டில் எது மேல்? சோம்பேறிக்கு ஹலூமி. உப்பு ஏற்கெனவே தாராளமாக இருக்கும், எண்ணெய் தடவிப் போட்டால் பக்கத்துக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பல்லில் கீச்சென்று ஒலிக்கும் அந்த இழுவை. ஒரே நிபந்தனை, சுடச்சுடச் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் ரப்பர்தான். பனீருக்குத் தனியாக ருசி குறைவு. அதுவே அதன் பலமும்கூட: தயிரிலும் மசாலாவிலும் ஊறவைத்தால் நாம் கொடுத்த ருசியைத் தனதாக்கிக்கொள்ளும், கொஞ்சம் ஆறினாலும் மோசமில்லை. மெல்லிசாக வெட்டினால் உடைந்து கம்பிக்கு நடுவே விழும், தடிமனாக வெட்டுங்கள். ஊறவைக்க நேரம் இருந்தால் பனீர், இல்லையென்றால் ஹலூமி.

கேமெம்பேர் போன்ற மென்மையான கட்டியை அலுமினியத் தாளில் பொதிந்து கிரிலில் வைக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. தாளுக்குள் அனலும் படாது, புகையும் படாது. அதற்கு ஓவனே போதும்.

இலையும் கோஸும்

சாலட்டில் போடும் நீள இலை ரோமெய்ன் லெட்யூஸை அடிக்கட்டையோடு நீளவாக்கில் பிளந்து, எண்ணெய் தடவி, கடும் அனலில் ஒரே நிமிடம் காட்டி எடுப்பது உணவகங்களில் பிரபலம். ஓரம் கருகி, நடுவில் பச்சையாக, மொறுமொறுவென்று இருக்கும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நிமிடம் இரண்டாகிவிட்டால் கையில் கிடைப்பது வாடிய கந்தல். விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே சமைக்கிறவருக்கு இது ஒத்துவராது.

முட்டைகோஸுக்கு அப்படி ஒரு பதற்றம் வேண்டாம். உண்மையில் இந்தப் பட்டியலிலேயே என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது அதுதான். தண்ணீரில் நேரம் போகப் போக வெந்த கோஸின் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து பிரியும் கந்தகச் சேர்மங்களின் வேலை அது. உலர்ந்த அனலில் அந்த வாடை பெரிதாக எழுவதில்லை, அதன் இனிப்புதான் மேலே வருகிறது. தண்டைப் பிரிக்காமல் பெரிய பிறை வடிவத் துண்டுகளாக வெட்டி, எண்ணெயும் உப்பும் தடவுங்கள். கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கரியில்லாத பக்கத்தில் கோஸை வைத்து மூடியைப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். புகை மடிப்புகளுக்குள் புகுந்து ஏறும். கடைசியாக நேரடி அனலில் ஒவ்வொரு வெட்டுப் பக்கத்தையும் கொஞ்சம் கருகவிட்டால் முடிந்தது. வெளி இலை கருகினாலும் கவலையில்லை, உரித்துப் போட்டுவிடலாம். இறைச்சி இல்லாத விருந்துக்கு நடுநாயகமாக வைக்கத் தகுந்த பண்டம் இது. வாணலியில் இதைக் கொண்டுவர முடியாது.

மாவும் மற்றவையும்

பீட்சா மாவை நேராகக் கம்பியின் மேல் போடலாம் என்றால் பலர் நம்புவதில்லை, கம்பிக்கு நடுவே வழிந்துவிடாதா என்பார்கள். வழியாது. எண்ணெய் தடவிய மாவு சூட்டில் பட்ட நொடியே அடியில் இறுகத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் 1980-இல் தொடங்கிய அல் ஃபோர்னோ உணவகம் பேர் வாங்கியதே இப்படிச் சுட்ட பீட்சாவால்தான். இரண்டு நிமிடத்தில் திருப்பி, வெந்த பக்கத்தின் மேல் தக்காளியும் கட்டியும் கொஞ்சமாக வைத்து மூடியைப் போட வேண்டும். கொஞ்சமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அள்ளிக் கொட்டினால் மேலே வேகாது, அடி கருகும். வீட்டு ஓவனில் இந்தப் புகைமணம் கிடைக்காது என்பதால் இதற்கும் என் ஓட்டு.

அவகாடோவை ஒதுக்கிவிடலாம். நேரம் கொஞ்சம் கூடினாலும் கசப்புத் தட்டும். கிரிலில் கேக் என்பது மூடிபோட்ட ஓவனில் கேக், அவ்வளவுதான். எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்க மூன்று நிமிடம் வைத்தால் சாறு சுலபமாகப் பிழிய வரும், புளிப்பின் கூர்மையும் மழுங்கியதுபோல் இருக்கும். ஹலூமி, கோஸ் இரண்டின் மேலும் அதைத்தான் பிழிவேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுடப் போகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். கோஸ் முதலில், அனல் குறைந்த பக்கத்தில். அது வேகும் நேரத்தில், சுத்தமான சூடான கம்பியில் பீட்சா மாவு. அப்புறம் பாலாடைக்கட்டி. எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் பண்டத்தின் மேலேயே தடவுங்கள், தணலில் சொட்டித் தீப்பிழம்பு எழுவது குறையும். சர்க்கரை உள்ள அன்னாசியும் வாழையும் கடைசியில்தான். அவை விட்டுப்போகும் பிசுக்கு கம்பியில் காய்ந்து கறுத்தபின், அதன் மேல் வைக்கும் ஹலூமி முழுதாகக் கழன்று வராது.